ஜன்னலச் சாத்தினா சிக்னல் காணாம போயிருது, யாராச்சும் சொல்லுங்க

வேலந்தாவளத்தான்: கேரளா பார்டர்ல வேலந்தாவளம் பக்கத்துல புதுசா வீடு கட்டி மாடில ஒரு ரூம் எடுத்தோமுங்க, மேக்க வெயில் மூஞ்சில அடிக்குதேன்னு சூடு தடுக்குற கோட்டிங் கண்ணாடியா பாத்து பெரிய ஸ்லைடிங் ஜன்னல் போட்டாச்சு, சூடு நல்லாவே கொறஞ்சிருக்கு, ஆனா சாத்துனா போன்ல ஒத்தைக் கோடு, தெறந்தா உடனே நாலு. ரெண்டு சிம்லயும் இப்படித்தான். கேரளா டவரா தமிழ்நாடு டவரான்னு போன் கொழம்புதுங்களா?

எட்டிமடைக்காரன்: பார்டர் பிரச்சனைதாங்க. நெட்வொர்க்க மேனுவலா செலக்ட் பண்ணிப் பாருங்க.

கண்ணாடிப் பட்டறை: பார்டர்னா தெறந்து வெச்சாலும் அப்படித்தானுங்களே இருக்கோணும்? கண்ணாடிதான். அந்தக் கோட்டிங்ல கண்ணுக்கே தெரியாத மெல்லிசுல உலோகம் இருக்கும், நல்ல ரகத்துல வெள்ளி. வெளிச்சத்த விட்டுரும், சூட்ட திருப்பி அனுப்பும், டவர் சிக்னலுக்கும் அதே கதிதான். கோட்ட நம்பாதீங்க, அபவுட் போன்ல சிம் ஸ்டேட்டஸ் போனா சிக்னல் எவ்வளவு பலம்னு காட்டுற டிபிஎம் நம்பர் ஒண்ணு மைனஸ் போட்டு இருக்கும், தெறந்து ஒருக்கா சாத்தி ஒருக்கா பாத்து சொல்லுங்க.

வேலந்தாவளத்தான்: தெறந்தா மைனஸ் 86, சாத்துனா மைனஸ் 111ங்க.

கண்ணாடிப் பட்டறை: அப்ப சந்தேகமே இல்ல. 10 கொறஞ்சா பத்துல ஒரு பங்கு, 20 கொறஞ்சா நூத்துல ஒரு பங்கு, உங்களுக்கு 25, சுமாரா முந்நூறுல ஒரு பங்குதான் உள்ள வருது. சாதா கண்ணாடில இவ்வளவு போகாது.

எட்டிமடைக்காரன்: அட ஆமா, தெறந்தா வருதுன்னு அவரே சொல்லிருக்காரு, நான்தான் கவனிக்கல. ஆன்லைன்ல சிக்னல ஏத்திக் குடுக்குற பூஸ்டர் கெடைக்குதே, அது போட்டா?

நெட்டு வயர்மேன்: அதத் தொடாதீங்க, அனுமதி இல்லாம வெக்கறது சட்டப்படி குத்தம், டவருக்கே எடைஞ்சல் ஆகி அக்கம்பக்கத்துக்கும் சிக்னல் கெடும். வீட்ல பைபர் நெட் இருந்தா போன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணிருங்க, கால் எல்லாம் வைஃபை வழியா போயிரும், டவர் தேவையே இல்ல. ரவுட்டர் கீழ இருந்தா நடுவுல கான்கிரீட் தளம் தடுக்கும், அதனால லேன் வயர் ஒண்ண மாடிக்கு இழுத்து அங்கயே வைஃபை குடுக்குற ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி ஒண்ணு மாட்டுங்க. பைபர் இல்லீன்னா டவர் இருக்கற பக்கம் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் சாதா கண்ணாடி போட்டுக்கலாம், வெயில் விழாத பக்கமா அமைஞ்சா நல்லது.

வேலந்தாவளத்தான்: பைபர் இருக்குதுங்க, ரவுட்டர் கீழ ஹால்லதான் கெடக்குது. வைஃபை காலிங் போட்டதுமே ஜன்னலச் சாத்திட்டே பேச முடியுது, ஆனா ரூம் மூலைக்குப் போனா நடுவுல கொரல் வெட்டுது. லேன் வயரு வெளிச்சுவத்து வழியா கொண்டுபோனா மழைக்கு தாங்குமுங்களா?

நெட்டு வயர்மேன்: அவுட்டோர் கேபிள்னு கேட்டு வாங்கி பிவிசி பைப்புக்குள்ள விடுங்க, தாங்கும்.