விசிட் விசாவில் டுபாய் வீட்டு வேலைக்குப் போனால் என்ன மிஞ்சும்?

வாவிக்கரை:
ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் சப் ஏஜென்ட்மார் "விசிட்டில போங்க, அங்க போய் விசா மாத்தலாம், வேலைவாய்ப்புப் பணியகப் பதிவும் தேவையில்ல, பயிற்சியும் தேவையில்ல" எண்டு ஆக்களைச் சேர்க்கிறாங்க. உண்மையில விசா மாறுமா? கையில என்ன நிக்கும்?

கல்முனை வாசி:
மாறும், வீட்டுக்காரர் பணிப்பெண் அனுமதி எடுத்தால் மட்டும். செலவு அவர் தலையில் என்பதால் இழுத்தடிப்பார். விசிட் முடிந்தும் தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம் தண்டம், மாதத்துக்கு 1,500. பல வீடுகளில் சம்பளமே அவ்வளவு வராது. மூன்று மாதம் போய் "ஊருக்குப் போறன்" என்றால் 4,500 கட்ட வேண்டும். வெளியே வர வழியில்லாமல் கல்லிவல்லியாக, அதாவது விசா இல்லாத ஆளாக, நிற்பது இப்படித்தான். அனுமதியில்லாமல் வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவருக்கு 50,000 முதல் 200,000 திர்ஹம் வரை தண்டம் உண்டு. அந்தப் பயத்தையும் வேலைக்குப் போன பெண்ணின் சம்பளத்தில்தான் கழிக்கிறார்கள்.

படுவான்கரை:
நம்ம இலங்கைச் சட்டமும்தான் காரணம். 2013இல், வேலைக்குப் போகும் பெண்ணின் வீட்டு நிலையைப் பார்த்து எழுதும் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது. 2022இல்தான் அதை 2 வயதாக்கினார்கள். நுண்கடன்காரர் அதுவரை பொறுப்பாரா? அறிக்கை கிடைக்காத தாய்மாரை ஏஜென்ட் விசிட்டில் ஏற்றினார். பிள்ளையைக் காக்கப் போட்ட விதி தாயைப் பாதுகாப்பில்லாமல் அனுப்பிவிட்டது. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

நாட்டுக்கும் நட்டம். எமிரேட்ஸ் ஐடி (அங்கு வதிபவரின் அடையாள அட்டை) இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு கிடைப்பது கடினம், காசு பெரும்பாலும் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம்தான் வரும். 2022இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்து போனார்கள். அப்படியும் வங்கி வழியாக வந்தது 3.8 பில்லியன் டொலர்தான், 2020இல் 7.1 பில்லியன். உண்டியல்காரர் டொலருக்குக் கூடிய விலை கொடுத்தது முதல் காரணம். பதிந்து போனவருக்கு விலை சரியானதும் வங்கிக்குத் திரும்ப முடிந்தது. விசிட்டில் போனவருக்கு அந்தத் தெரிவு குறைவு.

கல்முனை வாசி:
அமீரக அரசின் பொதுமன்னிப்பை நம்பியும் இருக்க வேண்டாம். 2024 செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை தண்டத்தைத் தள்ளுபடி செய்து, திரும்பி வரத் தடை போடாமல் அனுப்பினார்கள். அது முடிந்துவிட்டது.

வாவிக்கரை:
அப்ப போக முதல் எதைப் பார்க்கணும்?

படுவான்கரை:
ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தை வேலைவாய்ப்புப் பணியகத்தின் தளத்தில் பாருங்கள், அல்லது 1989 இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். சப் ஏஜென்டிடம் காசோ பாஸ்போர்ட்டோ கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் சம்பளம், வீட்டுக்காரர் பெயர், விலாசம் மூன்றும் இருக்க வேண்டும். அதன் பிரதி ஒன்று வீட்டில் நிற்கட்டும். பிரச்சினை வந்தால் பணியகத்தில் முறைப்பாடு எழுதும்போது முதலில் கேட்பது அதைத்தான்.