புது டிஃபெண்டர் வந்தாச்சு: நேரில் பார்த்த பேக்குகளை (தடுப்பாட்டக்காரர்களை) பற்றிச் சொல்லுங்கள்

நாலு ரோடு நீலச்சட்டை, தர்மபுரி

டிஃபெண்டர் பிரீதம் கோட்டால் நம்ம சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு வந்துவிட்டார். சீசன் நடுவில், 2025 ஜனவரியில், அதுவும் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து. பொங்கலுக்கு ஊருக்கு வந்த பசங்க இதை வைத்தே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். "31 வயசு ஆளை வைத்து என்ன செய்வது?" என்பது ஒரு கட்சி. "2023-ல் மோகன் பகான் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை தூக்கியபோது கேப்டன் யார், இவர்தானே?" என்பது இன்னொன்று.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. டிவியில் பார்த்து ஒரு டிஃபெண்டரை எடை போட எனக்கு வராது. கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடுகிறது. பந்து வருவதற்குப் பத்து விநாடி முன்னால் அவர் எங்கே நின்றார், யாரைப் பார்த்துக் கத்தினார் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அது திரையில் விழுவதே இல்லை.

அதனால் கேட்கிறேன். கிரவுண்டில் உட்கார்ந்து ஒரு பேக்கைப் பார்த்து "அடடா, ஆளுடா" என்று சொன்னது உண்டா? ஐஎஸ்எல், ஐ-லீக், காலேஜ் கிரவுண்டில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ், எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். வயசு சண்டை இங்கே வேண்டாம்.

ஓசூர் ஷிஃப்ட்

எனக்கு ஒரே ஒரு நாள்தான். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் ஃபைனல், நம்ம சென்னையினுக்கும் பெங்களூரு எஃப்சிக்கும். ஓசூரில் இருப்பவனுக்கு பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300. அதனால் என்னோடு வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பெங்களூரு எஃப்சி ரசிகர்கள். அவர்களோடுதான் போனேன், அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்தேன். இரண்டு அணிக்கும் நீலச்சட்டை என்பதால் பிழைத்தேன்.

9-வது நிமிஷம் பெங்களூருவின் சேத்ரி அடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவன் என் முதுகில் அறைந்து "சென்னைக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்றான். 17-வது நிமிஷம் கார்னர். மைல்சன் ஆல்வெஸ், நம்ம பிரேசில் ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்), தலையால் முட்டி உள்ளே போட்டார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி கார்னர், மறுபடி அதே தலை. அதற்கு அப்புறம் பக்கத்து ஆள் வாயே திறக்கவில்லை. இரண்டாம் பாதியில் நம்ம ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது.

ஆனால் நான் சொல்ல வந்தது கோல்களை இல்லை. கடைசியில் பெங்களூருவின் மிக்கு ஒன்று அடித்து 3-2 ஆனது. அதன்பின் மிஞ்சிய அந்த ஓரிரு நிமிஷம் நான் பந்தையே பார்க்கவில்லை. கால்டெரோன், மைல்சன், செரெனோ, ஜெரி, நம்ம டிஃபென்ஸின் இந்த நாலு பேரை மட்டும் பார்த்தேன். ஒருவர் இரண்டு அடி முன்னால் வந்தால் மற்ற மூவரும் வருகிறார்கள். ஒருவர் இடப்பக்கம் சாய்ந்தால் ஒரே கயிற்றில் கட்டியது மாதிரி எல்லாரும் சாய்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஹைலைட்ஸ் பார்த்தேன். அதில் அந்தக் காட்சியே இல்லை.

மொரப்பூர் பாசஞ்சர்

ஓசூர் அண்ணா மாதிரியே எனக்கும் ஒன்று. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம், 2019 மார்ச் 9. சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப்புக்கு ஐ-லீக் கடைசி ஆட்டம், எதிரில் மினர்வா பஞ்சாப். அன்றைக்கு ஜெயிக்காவிட்டால் பட்டம் ஈஸ்ட் பெங்காலுக்கு. மூணாவது நிமிஷமே மினர்வா கோல். இடைவேளை வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் சென்னை சிட்டியின் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். மிச்சம் இரண்டையும் அடித்தது யார் தெரியுமா? கௌரவ் போரா. சென்டர் பேக், அதாவது ஸ்டாப்பர்! 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம். ஃபைனல் மாதிரி நாளில் பார்வர்டுகளுக்குக் கால் நடுங்கும்போது ஸ்டாப்பர்கள் வந்து இரண்டிரண்டாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். இது ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

பாலக்கோடு தக்காளி

ஏன் என்றால் அவர்களை யாரும் மார்க் பண்ணுவதில்லை. அவ்வளவுதான்.

தொப்பூர் டீ மாஸ்டர் மகன்

நான் ஸ்டேடியத்துக்குப் போனதே கிடையாது, அதைச் சொல்ல வெட்கமும் இல்லை. ஸ்டேடியம் எங்கள் கடைக்கு வரும். கேரளாவிலிருந்து பெங்களூரு ஆட்டத்துக்குப் போகிற மஞ்சள் சட்டை பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் வண்டிகளில் நிறைய சேலம், தொப்பூர், தர்மபுரி வழியாகத்தான் போகும். போகும்போது பாட்டும் கொட்டுமாக நிற்பார்கள். திரும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தே எனக்கு ஸ்கோர் தெரிந்துவிடும்.

போன டிசம்பர் (2024) 7 ராத்திரி, பெங்களூரு பிளாஸ்டர்ஸை 4-2 என்று அடித்து அனுப்பிய அன்று, சேத்ரி மூணு போட்ட அன்று, ஒரு வேன் வந்தது. மணி இரண்டு இருக்கும். கணவாயில் பனி. இறங்கின பன்னிரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு மெதுவாக, "சேட்டா, டிஃபென்ஸ் சரியில்லையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவர் மட்டும், ஐம்பது வயசு இருக்கும், டம்ளரை வைத்துவிட்டு பெஞ்சு மேல் நாலு பிஸ்கட்டை வரிசையாக அடுக்கினார். "இது லைன். இந்த ஆள் கத்தினால் இவன் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எத்தனை நல்ல ஆள் இருந்தும் வீண்" என்று பாதி மலையாளம் பாதித் தமிழில் சொல்லி, இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டார்.

இப்போது கோட்டால் நம்ம பக்கம், அவருக்குப் பதிலாகப் போன நம்ம டிஃபெண்டர் பிகாஷ் யும்னம் அவர்கள் பக்கம். அந்தப் பெரியவர் அடுத்த தடவை வந்தால் நான் பிஸ்கட் அடுக்கிக் காட்டப் போகிறேன்.

பாலக்கோடு தக்காளி

ஆக நாலு கோல் வாங்கின வீட்டிலிருந்து டிஃபெண்டர் எடுத்திருக்கிறோம். சூப்பர்.

நாலு ரோடு நீலச்சட்டை, தர்மபுரி

தக்காளி, நீ 2023-லும் இதையேதான் சொன்னாய். சஹலை மோகன் பகானுக்குக் கொடுத்து பிளாஸ்டர்ஸ் கோட்டாலை வாங்கியபோது "நல்ல வேளை, நமக்கு இல்லை" என்று எழுதியது யார்? கோட்டால் ரைட் பேக்காகவும் ஆடுவார், நடுவிலும் நிற்பார். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரே நாற்காலியைக் கேட்கிற ஆள் இல்லை. அது போதும் எனக்கு.

மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரி

எங்கள் சித்தப்பா கதையைச் சொல்லலாமா? அவர் எந்தக் கிளப்பிலும் ஆடியதில்லை. பர்கூர் பக்கம், ஏரி வற்றினால் அதில்தான் கிரவுண்டு. ஷூ கிடையாது. ஊரில் நடந்த செவன்ஸ் ஆட்டங்களில் கடைசி ஆளாக நிற்பார், ஓடவே மாட்டார். சின்ன வயசில் எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்தது.

ஒரு வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு டீம் வந்தது. அவர்களிடம் ஒரு பொடியன், மின்னல் வேகம். நம்ம ஆட்கள் எல்லாரையும் தாண்டிவிட்டான். சித்தப்பா முன்னால் வந்து நாலு தடவை இடுப்பை ஆட்டினான். இவர் அசையவில்லை. ஐந்தாவது தடவை பந்தைத் தள்ளினான் பாருங்கள், இவர் ஒரு கால் எடுத்து வைத்தார், பந்து இவரிடம் இருந்தது. பொடியன் எல்லைக்கோடு தாண்டி ஓடிப்போய் நின்றான்.

"எப்படி சித்தப்பா?" என்று கேட்டேன். எருது விடும் விழாவில் வாடியில் மாடு அவிழ்க்கிற வேலை அவருக்கு. "கொம்பைப் பார்க்கிறவன் குத்து வாங்குவான்டா. கொம்பு சும்மா ஆடும். முன்னங்கால் எங்கே ஊனுதுன்னு பாரு" என்றார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பதினைந்து வருஷம் ஸ்டாப்பர் ஆடினேன். ஆட்டம் சுமார்தான், ஆனால் குத்து வாங்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கும் போயிருந்தேன். மாடு அவிழ்க்க இப்போது அவருக்கு முடியாது, திண்ணையில்தான் இருக்கிறார். போனில் கோட்டால் வீடியோ காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "இதுல பந்துதானடா ஓடுது, இந்த ஆளு எங்க நிக்கிறாரு?" என்றார்.

நாலு ரோடு நீலச்சட்டை, தர்மபுரி

நான் பத்து வரி எழுதியதைச் சித்தப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். அவரைக் கூட்டி வர முடியுமா? அடுத்த சென்னை ஆட்டத்துக்கு வேன் பேசியிருக்கிறோம். மொரப்பூரில் ரயிலேறலாம் என்றுதான் பார்த்தோம். ஆனால் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும், திரும்புவது கஷ்டம். கிருஷ்ணகிரிக்கு ரயிலே இல்லை என்பதை மண்டிக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை.

மாங்காய் மண்டி, கிருஷ்ணகிரி

கேட்டேன். வருகிறாராம். ஆனால் ஜன்னல் சீட் வேண்டும், வழியில் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்த வேண்டும். ஸ்டேடியத்தில் கோலுக்குப் பின்னால் இடம் வேண்டாம், பக்கவாட்டில் உயரமாக வேண்டுமாம். அங்கிருந்துதான் லைன் தெரியுமாம்.

தொப்பூர் டீ மாஸ்டர் மகன்

எனக்கும் ஒரு சீட் போடுங்கள் அண்ணா. பிஸ்கட் நான் கொண்டு வருகிறேன்.

பாலக்கோடு தக்காளி

நானும் வருகிறேன். 31 வயசு ஆள் எப்படி ஓடுகிறார் என்று பார்க்கத்தான்.