கலைச்சொல் உதவி: சன்னல் கண்ணாடியின் 0.88-உம் 0.96-உம்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

கட்டடக்கலை மாணவர்க்கான செய்முறைக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ரெவிட் என்ற வரைவு மென்பொருளில் வரைந்த கட்டடத்தை, ஒளிக் கணக்கீட்டு மென்பொருளான ரேடியன்ஸுக்கு மாற்றிப் பகலொளியைக் கணக்கிடும் பாடத்தில் முட்டி நிற்கிறேன். கண்ணாடியின் விவரத்தாளில் இருப்பது டிரான்ஸ்மிட்டன்ஸ். தெளிந்த கண்ணாடிக்கு 0.88. ரேடியன்ஸ் கேட்பது டிரான்ஸ்மிசிவிட்டி. அதே கண்ணாடிக்கு 0.96. என் வரைவில் இரண்டுமே 'ஊடுருவு திறன்'. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். மாணவர் 0.88-ஐ அப்படியே இட்டால், ஒளியில் 0.81 பங்கை மட்டுமே உள்ளே விடும் கண்ணாடியாக அது மாறும். அறை உள்ளதைவிட இருட்டாக வரும்.
— நா.

> இரண்டுமே 'ஊடுருவு திறன்'

'ஊடுருவு' பகைவர்க்கு ஆகிவிட்ட சொல். சன்னலுக்கே நம்மிடம் 'காலதர்' உண்டே! கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலம்பில் 'மான்கண் காலதர்'. காற்றுக்கு வழி காலதர் என்றால் ஒளிக்கு வழி ஒளியதர். முதலாவது ஒளியதர்வு, இரண்டாவது ஒளியதர்மை.
— க.

ஐயா, 'அதர்மை' மாணவர் கண்ணுக்கு 'அதர்மம்' என்றே படும். பள்ளிப் பாடநூல் 'மின்தடை', 'மின்தடை எண்' என்று பிரித்திருக்கிறது. அதே அச்சில் 'ஒளிக்கடப்பு', 'ஒளிக்கடப்பு எண்' போதும்.
— செ.

அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. மின்தடை எண் பொருளின் இயல்பு. கம்பியின் நீளம் கூடினாலும் மாறாது. ரேடியன்ஸ் கேட்கும் எண்ணோ கண்ணாடி தடித்தால் குறையும். அது, கண்ணாடிக்குள் நுழைந்த ஒளியில் உறிஞ்சப்படாமல் மறுமுகத்தை எட்டும் பங்கு. இரு முகங்களிலும் ஏறத்தாழ 4 விழுக்காடு வீதம் எதிரொளிப்பில் போவது அதில் சேராது, விவரத்தாளின் 0.88-இல் சேரும். நடப்பதையே பெயராக்குங்கள்: 'உட்கடப்பு விகிதம்', 'முழுக்கடப்பு விகிதம்'. முழுக்கடப்பை 1.09-ஆல் பெருக்கினால் உட்கடப்பு.

இன்னொன்று. ரெவிட்டிலிருந்து கண்ணாடி தடிமனுள்ள பெட்டியாக வெளிவரும். ரேடியன்ஸின் 'கிளாஸ்' பொருளுக்கு ஒற்றைத் தளம்தான் வேண்டும். பெட்டியாகவே விட்டால் ஒளி இரு கண்ணாடிகளைக் கடந்ததாகக் கணக்காகி 0.88 × 0.88 = 0.77 ஆகும். இரு பிழையும் சேர்ந்தால் 0.65. எண்ணை இடுமுன் பெட்டியின் ஒரு முகத்தை மட்டும் நிறுத்தி மற்ற ஐந்தையும் நீக்கச் சொல்லுங்கள்.
— மு.

'விகிதம்' வடசொல். 'வீதம்' எனலாம். 'கடப்பு' என்றதும் எனக்குக் 'கடப்பாடு' நினைவுக்கு வருகிறது. ஒளிக்கு ஏது கடப்பாடு?
— க.

'வீதம்' என்றால் நூற்றுக்கு இத்தனை என்று படிப்பார்கள், 0.96 என்று இட வேண்டிய இடத்தில் 96 என்று இட்டுவிடுவார்கள். விகிதம் இருக்கட்டும். 'எண்' என்று முடியும் என் சொல்லைவிட இது மேல்; நானும் மு. பக்கம்.
— செ.

நன்றி. உட்கடப்பு விகிதம், முழுக்கடப்பு விகிதம் என்றே அனுப்புகிறேன். பெட்டிக் கண்ணாடி தனிப் படியாகச் சேர்கிறது.
— நா.

அச்சிடுங்கள். ஒளியதர்வை நான் விட்டுவிடவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.
— க.