‘முகவரி வரம்பு’ வேண்டாம்: பரப்பு, பங்கு என்று பிரிப்போமா?

வணக்கம்,

குபெர்நெட்டீஸ் (பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) கையேட்டு வரைவில், செயலிகள் ஓடும் சிறு அலகுகளான பொட்களுக்கு ஒதுக்கும் ஐபி முகவரித் தொகுதிகள் எல்லாவற்றுக்கும் ‘முகவரி வரம்பு’ என்றே போட்டிருக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அட்டனில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலருக்கு, பழைய மடிகணினிகளைச் சேர்த்து, ஒன்றாக இயங்கும் கொத்தணி அமைக்கக் காட்டிக்கொடுக்கிறோம். (கொத்தணிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. 2020இல் இலங்கையில் கொரோனாத் தொற்றுக் கொத்தணிச் செய்தி கேட்ட எல்லோருக்கும் பழகிய சொல்.) ‘வரம்பு 10.244.0.0/16’ (65,536 முகவரிகள்; சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் கூடக்கூடத் தொகுதி சிறுக்கும்) என்ற வரியைப் படித்த பிள்ளை ஒருத்தி, “அப்ப 65,536 பொட் வரைக்கும் ஓடுமா சேர்?” என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான். வரம்பு என்றால் அதைத் தாண்டக் கூடாது என்றுதானே எவரும் எடுப்பார்கள்? கணு (கொத்தணியிலுள்ள ஒரு கணினி) ஒன்றில் இயல்பாக 110 பொட்தான் ஓடும், அதுதான் வரம்பு. நினைவகத்துக்கும் வரம்பு என்றே எழுதியிருக்கிறோம், அது சரி.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. கொத்தணியைத் தொடங்கும்போது நாம் அறிவிப்பது ஒரு /16. குபெர்நெட்டீஸின் கட்டுப்பாட்டு நிரலான கொன்ட்ரோலர் மனேஜர் அதைத் துண்டுபோட்டு, கணுவுக்கு ஒரு /24 வீதம், அதாவது 256 முகவரி வீதம் கொடுக்கிறது. 256 கணுக்களோடு கையிருப்பு தீர்ந்துவிடும். முழுதுக்கும் துண்டுக்கும் ஒரே சொல் என்றால் இதை எப்படி விளக்குவது?

முழுதுக்கு ‘முகவரிப் பரப்பு’, கணுவுக்குக் கிடைப்பதற்கு ‘முகவரிப் பங்கு’ என்று வைக்கலாம். பரப்பு என்றதும் யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குக் காணி அளவு நினைவுக்கு வரும். வரட்டும், காணியைப் பங்கு பிரிப்பதுபோலத்தான் இதுவும். வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணிக்கே காலமெல்லாம் காத்திருந்த மலையகத்தாருக்குத்தான் ‘பரப்பு’ கொஞ்சம் ஆடம்பரமாகக் கேட்கும்!

கொத்தணிக்கு வலையமைப்புத் தரும் மென்பொருளான காலிகோவில் துண்டு இன்னும் சிறிது: இயல்பாக /26, 64 முகவரிகள். போதாவிட்டால் கணு இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளும். ‘இன்னொரு பங்கு எடுத்தது’ என்றால் புரிகிறது. சேவைகளுக்கான (பொட் குழு ஒன்றுக்கு ஒரே நிலையான முகவரி தருபவை) 10.96.0.0/12 கணுக்களுக்குப் பிரிக்கப்படுவதில்லை. அங்கே ‘சேவை முகவரிப் பரப்பு’ மட்டும் போதும்.

இப்போது எச்சரிக்கைப் பகுதியைப் பாருங்கள். காலிகோவின் இயல்புப் பரப்பு 192.168.0.0/16. நம்மில் பலர் வீட்டு ரவுட்டர் 192.168.1.1. இரண்டும் மோதினால் பொட்டிலிருந்து புறப்படும் தரவுப் பொதிக்கு ரவுட்டருடன் ஒழுங்காகத் தொடர்பு கிடைக்காமல் போகலாம். இதற்கு வரைவில் உள்ள வாசகம்: ‘ரவுட்டரின் முகவரி வரம்புக்குள் இருக்கக் கூடாது’. வரம்பு மீறு என்று நாமே சொல்லிக்கொடுப்பதுபோல இருக்கிறது. ‘பொட் முகவரிப் பரப்புக்குள் விழக் கூடாது’ என்றால் தொல்லையில்லை.

‘வரம்பு’க்குப் பதில் ‘வீச்சு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை என்று எங்கிருந்தும் வெட்டிக் கொடுக்கும் இடங்களுக்கு அதை வைத்துக்கொள்வோம்.

மறுப்பு இல்லையென்றால் இந்த அத்தியாயத்தை நானே திருத்திவிடுகிறேன். கட்டளையில் தட்டச்சும் சொற்களில் கை வைக்கமாட்டேன்.