செகண்ட் லைஃபில் குலுங்காமல் வீடியோ எடுத்த அனுபவங்கள்

மேகமூட்டம்:

செகண்ட் லைஃப் என்ற இணைய முப்பரிமாண மெய்நிகர் உலகத்துக்குள் வீடியோ எடுப்பவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். குலுங்காத ஷாட் எப்படிக் கிடைத்தது என்று அவரவர் அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

தெரிந்த சிற்பி ஒருவர் ஒரு முழு ரீஜனை எடுத்துக் கண்காட்சி வைத்திருந்தார். ரீஜன் என்றால் அந்த உலகத்தில் 256க்கு 256 மீட்டர் நிலம். அதைச் சுற்றிக் காட்டும் வீடியோ ஒன்று வேண்டும் என்றார். ஆல்ட் விசையை அழுத்தியபடி மவுஸை இழுத்தால் கேமரா நகரும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மவுஸ் மேஜை ஓரத்துக்கு வந்ததும் தூக்கி மறுபடி வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஷாட் விக்கும். சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் இரண்டு மூன்று விக்கல்.

அதற்காகத்தான் ஸ்பேஸ் நேவிகேட்டர் என்ற முப்பரிமாண மவுஸ் வாங்கினேன். கனமான அடிப்பாகம், மேலே ஒரு குமிழ், அவ்வளவுதான். தள்ளலாம், இழுக்கலாம், தூக்கலாம், அமுக்கலாம், திருகலாம், சாய்க்கலாம். ஆல்ட், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃப்ளைகேம் வந்துவிடும். அவதார், அதாவது அங்கே நமக்கான உருவம், நின்ற இடத்திலேயே நிற்கும், கேமரா மட்டும் பறக்கும்.

வாங்கிய அன்றே நல்ல ஷாட் வந்துவிடாது. குமிழைத் தொட்டாலே கேமரா பாய்ந்துவிடும். ஜாய்ஸ்டிக் அமைப்புக்குப் போய் ஃப்ளைகேம் வரிசையில் ஒவ்வொரு அச்சின் வேகத்தையும் நன்றாகக் குறைக்க வேண்டும். பக்கவாட்டில் சாயும் அச்சை நான் சுழியத்தில் வைத்துவிட்டேன். இல்லையென்றால் கடல் மட்டம் கோணிக்கொண்டு நிற்கும். அப்புறம் ஃபெதரிங் என்று ஒன்று இருக்கிறது. அந்த எண்ணைக் குறைக்கக் குறைக்க கேமரா மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும், பழகிய டிரைவர் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. ரொம்பவும் குறைத்தால் குமிழை விட்ட பிறகும் வழுக்கிக்கொண்டே போகும். சிலைக்கு அருகே போகும்போது ஒரு எண், வெட்டவெளியில் பறக்க இன்னொரு எண் என்று வைத்திருக்கிறேன்.

ராக்கோழி:

கை ஆடாமல் இருந்தும் படம் தடுக்கித் தடுக்கி வருகிறது என்பவர்கள் கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 அழுத்திப் புள்ளிவிவரப் பலகையைத் திறந்து பாருங்கள். நான் எடுத்தது நடன அரங்கில். கேமரா சுவரைப் பார்க்கும்போது நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும். ஆடுகிறவர்கள் பக்கம் திரும்பியதும் 15க்குக் கீழே விழும். ரெக்கார்டர் தன்பாட்டுக்கு நொடிக்கு 30 என்று பதிவு செய்யும். புதிய ஃபிரேம் வராத இடத்தில் பழையதையே இன்னொரு முறை எழுதும். கண்ணுக்குக் குலுக்கலாகத் தெரிவது அதுதான். கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என்னைக் கேட்டால், மேலும் கீழும் ஆடுகிற 60ஐ விட அசையாத 30 எவ்வளவோ மேல். வியூவரிலேயே (செகண்ட் லைஃபுக்குள் நுழையும் மென்பொருள்) ஃபிரேம் வேகத்துக்கு 30 என்று உச்சவரம்பு வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்பினாலும் இறங்காமல் இருக்கும்வரை மற்றதைக் கழித்துக்கொண்டே வருவேன். முதலில் நிழல். அடுத்து டிரா டிஸ்டன்ஸ், அதாவது எவ்வளவு தூரம் வரை வரைந்து காட்ட வேண்டும் என்ற அளவு, உட்புறக் காட்சிக்கு 64 மீட்டரே போதும். அதற்கப்புறம் அவதார்கள். தலைமுடியும் நகையும் மட்டுமே கணினியைத் திணறடிக்கும் அளவுக்கு அணிந்து வருகிற ஆட்கள் உண்டு. முழுமையாக வரைய வேண்டிய அவதார்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் பின்வரிசையில் இருப்பவர்கள் எளிய உருவமாக மாறிவிடுவார்கள். ஃபயர்ஸ்டார்ம் வியூவரில் டீரெண்டர் செய்தால் அந்த ஆளே உங்கள் திரையில் இருக்க மாட்டார். அவருக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

ரெக்கார்டருக்கு ஓ.பி.எஸ். மென்பொருள், படத்தை வீடியோ கோப்பாகச் சுருக்கும் என்கோடிங் வேலை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும் தனிச் சில்லுக்கு. முன்பெல்லாம் ஃப்ராப்ஸ். காசு கொடுக்காத பதிப்பு 30 விநாடியில் நின்றுவிடும், மேலே அதன் பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. கூட்டம் வேண்டாத காட்சியை நம் ஊர் மதிய நேரத்தில் எடுங்கள். அப்போது கலிஃபோர்னியாவில் நள்ளிரவு, ஐரோப்பாவில் ஆட்கள் வேலையில் இருப்பார்கள். பல ரீஜன்கள் காலியாகக் கிடக்கும்.

ஊர்சுற்றி:

ராக்கோழி சொன்னது சரி, ஆனால் நிழலை அணைக்க எனக்கு மனம் வராது. நிழல் இல்லாத காடு காடாகவே தெரியாது. அதனால் வேறு வழி. கேமராவைப் பாதி வேகத்தில் பறக்க விட்டுப் பதிவு செய்து, எடிட்டிங்கில் இரண்டு மடங்கு வேகமாக்குகிறேன். நொடிக்கு 15 ஃபிரேம்தான் கிடைத்தது என்றாலும் வேகமாக்கியதும் 30 ஆகிவிடுகிறது. கையின் சின்ன நடுக்கமும் அமுங்கிப் போகும்.

ஆனால் அசைகிற எல்லாமே இரண்டு மடங்கு வேகமாகும். ஒரு கலங்கரை விளக்கத்தை இப்படி எடுத்தேன். கட்டடம் அருமையாக வந்திருந்தது, கீழே கடல் மட்டும் கொதிப்பது போல் இருந்தது. மேகமும் அப்படியே ஓடியது. சூழல் அமைப்பில் அலையின் வேகத்தையும் மேகம் நகரும் வேகத்தையும் பாதியாக்கிவிட்டு மறுபடி எடுத்ததும் சரியாகிவிட்டது. அந்த மாற்றம் நம் திரையில் மட்டும்தான் தெரியும், நில உரிமையாளரிடம் கேட்கத் தேவையில்லை. கொடி, பறவை, ஆள் இருந்தால் இந்த வித்தை உதவாது.

பதிவுக்கு முன் அதே பாதையில் ஒருமுறை சும்மா பறந்துவிட்டு வாருங்கள். செகண்ட் லைஃபில் எல்லாமே பார்க்கும்போதுதான் சர்வரிலிருந்து இறங்கி வரும். முதல் பறப்பில் சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்து, நீங்கள் தாண்டிப் போன பிறகு தெளியும். இரண்டாம் முறை எல்லாம் கேஷில், அதாவது நம் கணினியின் தற்காலிகச் சேமிப்பில், இருக்கும். ரீஜன் எல்லையைத் தாண்டும் ஷாட் என்றால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

மேடைக்காரி:

நீங்கள் எல்லோரும் கட்டடம் எடுக்கிறீர்கள். நான் நாடகம் எடுக்கிறேன். என் தலைவலி நடிகர்களின் கண். அவதாரின் தலையும் கண்ணும் அதை இயக்குகிறவரின் மவுஸ் போகும் பக்கமெல்லாம் திரும்பும். உருக்கமான வசனத்துக்கு நடுவே கதாநாயகன் மேலே, கீழே, ஓரத்தில் என்று முழித்துக்கொண்டிருப்பான். பாவம், அவர் மெனுவில் எதையோ தேடிக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் பதிவு தொடங்கும் முன் எதிரில் இருப்பவரின் முகத்தை ஆல்ட் அழுத்திக் கிளிக் செய்துவிட்டு மவுஸைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். சாட்டில் தட்டச்சு செய்யும்போது அவதார் காற்றில் டைப் அடிக்குமே, அதையும் அணைத்து வைக்கச் சொல்வேன்.

நடக்கிற காட்சி இன்னொரு தொல்லை. அடுத்தவரின் அவதார் நடப்பது சர்வர் வழியாக நமக்கு வருகிறது, நெட் கொஞ்சம் இழுத்தால் துள்ளும். அதனால் யாரையும் நடக்க விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பலகை ஒன்றில் உட்காரவைத்து, நடப்பது போன்ற அனிமேஷனைப் போட்டு, ஸ்கிரிப்டால் பலகையை நகர்த்துகிறேன்.

மேகமூட்டம் அண்ணா, உங்கள் சிலைக்கும் ஒரு வழி உண்டு. கேமராவைச் சுற்றவிடாமல் சிலையைச் சுற்றவிடுங்கள். எல்.எல்.டார்கெட்ஒமேகா என்ற ஸ்கிரிப்ட் கட்டளையால் சுழலும் பொருளை நம் கணினியே சுழற்றிக் காட்டுகிறது, சர்வர் திணறினாலும் சுழற்சி தடைபடாது.

ஓரமாநிற்பவன்:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜாஸ் கிளப்பில் தூரத்தில் நின்றுகொண்டு, பாடுகிறவரை ஆல்ட் ஜூமில் எடுத்துக்கொண்டிருந்தேன். தனிச்செய்தி வந்தது: ‘வெகு நேரமாக என் முகத்தில் உங்கள் பெயர் நிற்கிறதே, ஏன்?’ கேமரா தெரியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று குறுக்குக்கோடு போட்டுக் காட்டும் வசதி வியூவரிலேயே உண்டு. அதை அவர் போட்டு வைத்திருந்தார்.

செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனத்தின் விதிப்படி நிலத்தின் ஒப்பந்தக் குறிப்பில் வீடியோவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடையாளம் தெரியும்படி வருகிற அவதாரின் சம்மதமும் வேண்டும். கூட்டத்தில் கடந்து போகிறவர்களுக்கு அது தேவையில்லை. நான் நில உரிமையாளரிடம் கேட்டிருந்தேன், பாடகரிடம் முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று இருந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார், உடை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்தபோது மினுங்கும் கவுன். ராக்கோழி சொன்ன 15 ஃபிரேம் கூட அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

ராக்கோழி:

ஹா ஹா. அந்த கவுனுக்கு ஊர்சுற்றியின் பாதி வேகமும் உதவாது, ஆள் பாடுகிறாரே. அவர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மேஜை, நாற்காலி, பின்சுவர் விளக்கு எல்லாவற்றையும் டீரெண்டர் செய்து பாருங்கள். நெருக்கமான ஷாட்டில் அவை எப்படியும் வராது.