மேடை ஒப்பனை தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ முடியுமா?

வணக்கம். என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாவல் படிப்பது எவ்வளவு பிடிக்குமோ, கிரீம் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களைப் படிப்பதும் அவ்வளவு பிடிக்கும். வீட்டில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அதனால்தானோ என்னவோ, என் கதாநாயகி ஒரு கூத்துக் குழுவின் ஒப்பனைக் கலைஞர் ஆகிவிட்டாள்.

தகவல் தேடியபோது ஒன்று உறைத்தது. 'அரிதாரம் பூசுதல்' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம்! சிவப்பு தரும் சாதிலிங்கத்தில் பாதரசம். பழைய வெள்ளைப் பூச்சுகள் பலவற்றில் ஈயம். ஈயத்துக்குப் பதிலான வெள்ளை, துத்தநாக ஆக்சைடு, பின்னால் வந்ததுதான். இதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன்.

சிக்கல் ஒப்பனை அறைக் காட்சியில். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடி முன் நிதானமாகப் போடும் மேக்கப். விடிய விடிய ஆடுபவரின் முகத்தில் வண்ணம் வியர்வைக்கு எப்படி நிற்கிறது? பவுடர் எந்தக் கட்டத்தில்? கண் கோட்டைத் தானே வரைந்துகொள்வாரா, இன்னொருவரா? அப்போது பேசலாமா, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமா? (வசனம் வைக்கலாமா என்பதே இதைப் பொறுத்துத்தான்.) அப்புறம், எண்ணெய் தடவித் துடைத்தபின் தோல் எப்படி இருக்கும், எரியுமா?

மேடையேறியவர்கள், ஒப்பனை போட்டுவிட்டவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றினாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் வேண்டும்.