புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை மடிக்கணினியின் சூடு தணிந்தது

9 ஆண்டுப் பழைய என் மடிக்கணினி, காணொளி ஓடும்போது 97 டிகிரி செல்சியஸ் வரை சூடேறித் தானே அணைந்துவிடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பலர் கூலிங் பேட் (மடிக்கணினியின் அடியில் வைக்கும் விசிறித் தட்டு) வாங்கச் சொன்னீர்கள். வாங்கினேன், மூன்று டிகிரிதான் குறைந்தது, ஏனெனில் கோளாறு உள்ளே இருந்தது.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்தபோது, விசிறிக்கும், வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாயின் முனையிலுள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையில், துறைமுகக் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி, கடற்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கம்பளித் துண்டுபோல் இறுகிக் கிடந்தது. விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் வெப்பக்காற்று வெளியேற வழியே இல்லை. விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு (ஊதும் வேகத்தில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடக்கூடும்) தூரிகையாலும் காற்றை ஊதும் ப்ளோயராலும் அந்தத் தூசியை அகற்றினேன். செயலியின் (ப்ராசஸர்) மேல் சுண்ணாம்புபோல் காய்ந்திருந்த, அதன் வெப்பத்தைக் குழாய்க்குக் கடத்த உதவும் தெர்மல் பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதை அளவாக வைத்தேன்.

விண்டோஸ் மின் அமைப்பில் (பவர் ஆப்ஷன்ஸ்) செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக்கியதால், வழக்கத்தைவிட வேகமாக ஓடிச் சூட்டைக் கூட்டும் டர்போ வேகம் நின்றது. என் கணக்கு வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. இப்போது மாலைப் புழுக்கத்திலும் சூடு 78 டிகிரியைத் தாண்டுவதில்லை. காற்றுவழி அடைபடும்படி மெத்தையின்மேல் வைத்துப் படம் பார்க்கும் என் மகனின் பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.